நார்மண்டி வெள்ளி டாலர்: தேடுவது முதல் பெட்டியில் வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

இந்த அமெரிக்க நினைவுக் காசைத் தேடுகிறவர் முதலில் தடுமாறுவது ஆண்டில்தான். காசில் பொறித்திருப்பது 1991-1995. அது நினைவுகூரும் நாள் 1944 ஜூன் 6, ஹிட்லரின் ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய 'டி-டே'. அச்சானதோ 1993-இல். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா பங்கெடுத்த ஆண்டுகளுக்குப் பொன்விழா என்பதால் 1991 முதல் 1995 வரை என்று போட்டார்கள். உண்மையில் அச்சான 1993 என்ற எண் காசில் எங்குமே கிடையாது. விற்பவர்களில் சிலர் 1993 என்று எழுதுவார்கள், சிலர் 1991-1995 என்று எழுதுவார்கள். ஒன்றை மட்டும் தட்டித் தேடினால் சந்தையில் பாதி உங்கள் கண்ணிலேயே படாது. எனவே இரண்டையும் போட்டுத் தேடுங்கள். கூடவே "டி-டே டாலர்" என்றும் தேடுங்கள், பெரும்பாலோர் சொல்வது அந்தப் பெயரைத்தான்.

அமெரிக்காவின் நினைவு வெள்ளி டாலர்கள் எத்தனையோ இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் தனி வழிகாட்டி என்று கேட்கலாம். முன்பக்கம் பார்த்தால் இது அமெரிக்கக் காசு. திருப்பிப் பார்த்தால் நேச நாடுகள் எல்லாவற்றுக்குமான காசு. அந்தப் பின்பக்கத்தைப் படிக்கத் தெரியாமல் வாங்கினால் நம் கைக்கு வருவது 24 கிராம் வெள்ளி மட்டும்தான்.

முதலில், எந்தக் காசு என்று உறுதி செய்யுங்கள்

1992 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டம் மூன்று காசுகளுக்கு அனுமதி கொடுத்தது. அரை டாலர், வெள்ளி ஒரு டாலர், தங்க ஐந்து டாலர். அரை டாலரில் வெள்ளி துளியும் இல்லை, அது செம்பும் நிக்கலும். ஆனால் விளம்பரப் படத்தில் வெள்ளி மாதிரியே பளபளக்கும். அதில் மூன்று படைவீரர்களின் முகமும், பின்னால் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தும், மேலே ஒரு குண்டுவீச்சு விமானமும் இருக்கும். நமக்கு வேண்டியது அது அல்ல.

வெள்ளி டாலரின் முன்பக்கத்தில் ஒரே ஒரு சிப்பாய், நார்மண்டி மணலில் ஓடி ஏறுகிறான். "டி-டே, ஜூன் 6, 1944" என்ற வாசகம் இருக்கும். இரு பக்கங்களையும் வடிவமைத்தவர் தாமஸ் டி. ராஜர்ஸ், அமெரிக்க மின்ட்டின், அதாவது அரசு நாணயச்சாலையின், சிற்பி. 2000-இல் வந்த பொன்னிற சகாகவேயா டாலரின் பின்பக்கத்தில் பறக்கும் கழுகும் அவர் கைவேலைதான்.

வெள்ளி டாலரிலேயே இரண்டு வகை. டென்வரில் அச்சானது சாதாரண மினுக்கம் கொண்ட யுஎன்சி (புழக்கத்துக்கு விடாத காசு) வகை, அதில் 'டி' என்ற சிறு எழுத்து இருக்கும். வெஸ்ட் பாயின்ட்டில் அச்சானது சேகரிப்பவர்களுக்கென்றே பளபளப்பாக அடித்த புரூஃப், அதில் 'டபிள்யூ'. புரூஃபில் உருவம் இல்லாத வெற்றிடம் கண்ணாடி போல முகம் காட்டும், உருவங்கள் மட்டும் பனி படர்ந்தது போல வெளுத்திருக்கும். எண்ணிக்கையில் புரூஃப்தான் அதிகம், யுஎன்சியைப் போல மூன்று மடங்குக்கு மேல். "புரூஃப், அபூர்வம்" என்று யாராவது விலையை ஏற்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1991 என்ற எண்ணைப் பார்த்து மாற்றி வாங்கும் ஆபத்தும் உண்டு. அந்த ஆண்டில் வெளியானது கொரியப் போர் நினைவு டாலர். அதே எடை, அதே அகலம், அதே வெள்ளி. போர் முடிந்து 38 ஆண்டு ஆனதற்காக வெளியிட்டார்கள். 38-க்கு விழா எடுப்பார்களா என்று கேட்டால், கொரியாவைப் பிரித்த கோடு 38-ஆவது இணைகோடு அல்லவா! அதுவும் நல்ல காசுதான், ஆனால் வேறு கதை.

பின்பக்கத்தைப் படியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி டேபிள் லேம்ப்பைத் தாழ்த்தி வைத்து, காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்.

அங்கே இருப்பது ஒரு தோள்பட்டைச் சின்னம். நேச நாடுகளின் படையெடுப்புத் தலைமையகத்தில் வேலை செய்தவர்கள் சட்டைத் தோளில் தைத்துக்கொண்ட துணி முத்திரை. கேடய வடிவம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் வாள், அதன் பிடியிலிருந்து எழும் தீ, மேலே வானவில். துணியில் இது நிறங்களோடு இருந்தது. கேடயம் கறுப்பு, நாஜி ஆட்சியின் இருட்டு. தீயோடு எழும் வாள், அந்த இருட்டுக்கு எதிராக எழும் நீதி. வானவில்லில் நேச நாட்டுக் கொடிகளில் உள்ள நிறங்கள் எல்லாம் இருந்தன. அதற்கும் மேலே ஒரு பட்டை வான்நீலம், வரப்போகும் அமைதி.

காசில் நிறம் ஏது? வெள்ளியில் வானவில்லைச் செதுக்க வேண்டுமென்றால் கோடுகளைத்தான் நம்ப வேண்டும். தேயாத காசில் அந்த வளைவுப் பட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெளிவாக நிற்கும். துணி போட்டுத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த காசில் அந்தப் பிரிவு முதலில் மங்கும். படம் பார்த்து வாங்கும்போது நான் விற்பவரிடம் முதலில் கேட்பது சிப்பாயின் படத்தை அல்ல, வானவில்லின் குளோசப்பை.

இன்னொன்று. சில விளம்பரங்களில் காசே நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக மினுங்கும். வெள்ளி காலப்போக்கில் கந்தகம் பட்டு நிறம் பிடிப்பது இயற்கைதான், அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுப்பிலும் ரசாயனத்திலும் வைத்து ஒரு மாலைக்குள் நிறம் ஏற்றுகிறவர்களும் உண்டு. முப்பது ஆண்டாக கேப்சூல் என்னும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்த புரூஃபில் மயில்கழுத்து நிறம் வந்திருந்தால் நான் தொடமாட்டேன்.

சின்னத்தோடு அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசனோவரின் வாசகமும் இருக்கிறது: "உங்கள் துணிவிலும் கடமை உணர்விலும் போர்த்திறனிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. முழு வெற்றியைத் தவிர வேறெதையும் நாம் ஏற்கமாட்டோம்!" படை கிளம்பும் முன் கையில் கொடுக்கப்பட்ட துண்டுச்சீட்டிலிருந்து எடுத்த வரி. அந்தச் சீட்டு அமெரிக்கர்களுக்கு மட்டும் எழுதியது அல்ல. நேசப் படையின் தரைப்படையினரே, கடற்படையினரே, விமானப்படையினரே என்றுதான் தொடங்குகிறது. தலைமைத் தளபதி ஐசனோவர் அமெரிக்கர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த டெடர், கடற்படையை நடத்திய ராம்சே, விமானப்படையை நடத்திய லீ-மல்லோரி, தரைப்படையை நடத்திய மான்ட்கோமரி, நால்வருமே பிரிட்டிஷ்காரர்கள். முதல் நாள் கடல்வழியாகவும் வான்வழியாகவும் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 1,56,000 பேர். யூட்டா, ஒமாஹா கரைகளில் அமெரிக்கர்கள். கோல்ட், சோர்ட் கரைகளில் பிரிட்டிஷார். ஜூனோவில் கனடா நாட்டவர். சோர்ட் கரையில் பிரிட்டிஷ் கமாண்டோக்களோடு 177 பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் சொந்த மண்ணில். அன்று ஒரு நாளில் இறந்த நேச நாட்டு வீரர்கள் 4,400-க்கும் மேல் என்று வர்ஜீனியாவின் பெட்ஃபர்டில் உள்ள டி-டே நினைவகம் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துக் கணக்கிட்டிருக்கிறது.

அதே ஐசனோவர் இன்னொரு சீட்டும் எழுதி வைத்திருந்தார், தோற்றுப்போனால் வெளியிட. தவறு ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்று அதில் எழுதி, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பதற்றத்தில் ஜூன் 5 என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டுவிட்டார். தேதியில் குழப்பம் இந்தக் காசுக்குப் பரம்பரைச் சொத்து போலிருக்கிறது.

நேசப் படை என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தியப் படை போரிட்ட நாகாலாந்தின் கொஹிமாவும் இத்தாலியின் காசினோவும் நினைவுக்கு வரலாம். அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். இந்தக் காசு அவர்களைப் பற்றியது அல்ல. இந்தச் சின்னத்தின் எல்லை வடமேற்கு ஐரோப்பாதான்.

விலை கேட்கும் முன் கணக்குப் போடுங்கள்

எடை 26.73 கிராம், அகலம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. நம் வெள்ளிக்கடை மொழியில் 90 டச். 26.73-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 24.06 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய கிராம் விலையால் அதைப் பெருக்குங்கள். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காசுக்குள் இருக்கும் வெள்ளி 2,406 ரூபாய். இதுதான் உங்கள் அடிக்கோடு. யார் என்ன விலை சொன்னாலும் இந்த எண்ணிலிருந்து எவ்வளவு மேலே போகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அதிகம் மேலே போகக் காரணமே இல்லை. சட்டம் பத்து லட்சம் வெள்ளி டாலர் வரை அச்சிட அனுமதித்தது, விற்றது அதில் பாதிகூட இல்லை. அப்படியும் லட்சக்கணக்கான காசுகள் இன்றும் புதுக்கருக்கு மாறாமல் பெட்டிகளில் கிடக்கின்றன. அமெரிக்காவின் நவீன நினைவு டாலர்களில் பல, வெள்ளி விலையை ஒட்டியே கைமாறுகின்றன. இதை முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

முதல் விற்பனையிலேயே ஒவ்வொரு வெள்ளி டாலருக்கும் 8 டாலர் நன்கொடையாகச் சேர்த்துத்தான் விலை வைத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி நார்மண்டியில் நினைவிடத்துக்கு, இன்னொரு பகுதி வாஷிங்டனில் இரண்டாம் உலகப்போர் நினைவுச் சின்னத்துக்கு. அந்தச் சின்னம் 2004-இல் திறக்கப்பட்டது. இன்று நாம் இரண்டாம் கையாக வாங்கும்போது யாருக்கும் நன்கொடை போவதில்லை. "இதை வாங்கினால் வீரர்களுக்கு உதவி" என்று எழுதி விற்கிறவரை நம்பாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் காசின் விலை, தபால், சுங்கம், கூரியர்காரர் தனியாக வாங்கும் கட்டணம், இத்தனையையும் கூட்டிப் பாருங்கள். வெள்ளி இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். நான் முதலில் வரவழைத்த காசு பார்சல் செலவெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு காசின் விலையில் வந்து நின்றது. இப்போது உள்ளூர் நாணயக் கண்காட்சி வரும்வரை காத்திருக்கிறேன்.

கையில் வந்ததும் சோதனை

முதலில் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வீட்டில் இருக்கட்டும். 26.73-க்கு அரை கிராம் தள்ளிப் போனால் காசை மேசையில் வைத்துவிட்டு விற்றவருக்கு எழுதுங்கள். பிறகு வெர்னியரில் அகலம். அளக்கும்போது காசின் விளிம்பில் ஒரு மெல்லிய காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள், இரும்புத் தாடை வெள்ளியைக் கீறும்.

எடையும் அகலமும் சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம். செம்பிலோ பித்தளையிலோ வார்த்து, கொஞ்சம் தடிமனாக்கி, மேலே வெள்ளி முலாம் பூசுவார்கள். அதற்குக் காந்தம் உதவாது, அவையும் காந்தத்தில் ஒட்டாதவை. தண்ணீர்தான் பொய் சொல்லாது.

தராசின் மேல் ஒரு டம்ளரில் காசு முழுக மூழ்கும் அளவு வடிகட்டிய நீரை வைத்து, தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, நீரில் முழுக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. 90 டச் வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.3. ஆகவே 26.73 கிராம் காசுக்கு 2.59 கிராம் சுற்றி வர வேண்டும். செம்பாக இருந்தால் 3 கிராம் காட்டும், பித்தளை அதற்கும் சற்று மேலே. காசில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், நூலை லேசாக அசைத்து உதிர்த்துவிடுங்கள். முடிந்ததும் மென்மையான துணியில் வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இந்தச் சோதனை யுஎன்சி காசுக்கு மட்டும். புரூஃபைத் தண்ணீரில் விடாதீர்கள், துளி காய்ந்த இடத்தில் வட்டம் விழுந்தால் கண்ணாடிப் பரப்பில் அது என்றைக்கும் தெரியும். புரூஃபைப் பொறுத்தவரை கேப்சூலோடு, பெட்டியோடு, சான்றிதழோடு வந்ததா என்று பாருங்கள். கேப்சூலைத் திறக்காமலே லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். வார்ப்பில் செய்த போலியில் ஓரம் மொழுக்கென்று இருக்கும், சிறு சிறு குழிகள் தெரியும். சுண்டிவிட்டு ஓசை கேட்கும் பழைய கடைத்தெரு வித்தையை விட்டுவிடுங்கள். காசு நல்லதாகவே இருந்தாலும் கீழே விழுந்த இடத்தில் நசுங்கிப்போகும்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் பிரித்து மூடி முத்திரையிட்ட ஸ்லாப் என்னும் கடினப் பிளாஸ்டிக் உறையில் வந்தால் வேலை குறைவு. தரம் 1 முதல் 70 வரை. இந்தக் காசுக்கு 69 சர்வ சாதாரணம், 70 என்றால் மட்டும் விலை தாவும். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிவதில்லை, என் பணத்துக்கு மட்டும் தெரிகிறது. ஸ்லாப்பில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறவர்களும் இருப்பதால், தளத்தில் படம் இருந்தால் படத்தையும் காசையும் ஒப்பிடுங்கள்.

துடைக்காதீர்கள்

இந்தத் தலைப்பை இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். என் முதல் டி-டே டாலர், யுஎன்சி வகை, அலமாரியில் ஒரு மழைக்காலம் கிடந்து லேசாகப் பழுப்பேறியிருந்தது. தீபாவளிக்கு முன் அம்மா குத்துவிளக்கும் குங்குமச்சிமிழும் தேய்க்க உட்கார்ந்தபோது, கறுத்த வெள்ளி என்று அதையும் எடுத்து, ஈரத்துணியில் விபூதி தொட்டுப் பளிச்சென்று துலக்கிவிட்டார். பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். வெறும் கண்ணுக்கு நிலவு மாதிரிதான் இருந்தது. லென்ஸில் வைத்தபோது, சிப்பாயைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுக்க ஒரே திசையில் ஓடும் நூறு நூறு மயிரிழைக் கீறல்கள். மின்ட்டிலிருந்து வரும்போது இருந்த அந்த உருளும் மினுக்கம் போய், எவர்சில்வர் தட்டின் பளபளப்பு வந்துவிட்டது. கொலுசுக்கும் விளக்குக்கும் விபூதி நல்லது. காசுக்கு விபூதி, பல்பொடி, வெள்ளி பாலிஷ், அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீர் எதுவும் வேண்டாம். பழுப்பு அப்படியே இருக்கட்டும்.

ஒரே விதிவிலக்கு பச்சைப் பிசுபிசுப்பு. மென்மையான, வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும். நாளாக ஆக அது சிதைந்து காசின் மேல் பச்சையாகப் படியும், விட்டால் வெள்ளியை அரிக்கும். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல், சில நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

வைக்கும் இடம்

காற்றுப் புகாத கடினமான அக்ரிலிக் கேப்சூல், 38.1 மில்லிமீட்டர் அளவில். அமெரிக்க வெள்ளி டாலர் அளவு என்று கேட்டால் கொடுப்பார்கள். காசை விளிம்பில் பிடித்து எடுங்கள், விரல் ரேகை பட்டால் ஆறு மாதம் கழித்துப் பழுப்பாக எழும். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, புது பெயின்ட் அடித்த மர அலமாரி, இவை எல்லாவற்றிலிருந்தும் வெள்ளிக்கு ஆகாத வாயுக்கள் வரும். கடலோர ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைப் பெட்டியில் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

துணைக்கு ஒன்றிரண்டு காசு சேர்க்க ஆசையிருந்தால், பிரிட்டன் 1994-இல் வெளியிட்ட டி-டே 50 பென்ஸ் நல்ல ஜோடி. ஜான் மில்ஸ் வடித்தது. கப்பல்களும் விமானங்களும் கரையை நோக்கிப் போகும் காட்சி, சிப்பாய் யாருமே இல்லை. புழக்கத்துக்கு விட்டது செம்பு-நிக்கல், வெள்ளிப் புரூஃப் தனியாக விற்றது, வாங்கும்போது எது என்று கேளுங்கள். அமெரிக்கக் காசில் மணலில் ஓடுகிறவனுக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருந்தது என்று அதில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒரு சீட்டு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். எந்தக் காசு, எந்த மின்ட் எழுத்து, வாங்கிய தேதி, கொடுத்த விலை, எடை, தண்ணீர்ச் சோதனையில் வந்த எண். பிறகு யார் கைக்குப் போனாலும் உதவும். என் பெட்டியில் உள்ள சீட்டில் கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது, சிவப்பு மையில், அம்மாவின் கண்ணில் படும்படி பெரிதாக: "விபூதி போடாதே."